பசைக்குள் இருந்த பகல்கள்

விருதுநகருக்குத் தெற்கே, சாத்தூர் போகிற சாலையில், ஓடி ஓய்ந்த கார்களை வாங்கித் துலக்கி விற்கிற தனுஷ்கோடி அண்ணாச்சியின் கொட்டகையில், பதினோரு வருஷமாக வண்டிகளின் உள்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்துவந்தவள் வெயிலுகந்தாள். வெளிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேறு ஆட்கள் இருந்தார்கள், எஞ்சினைப் பார்க்க ஒரு மெக்கானிக் இருந்தார், ஆனால் ஒரு வண்டிக்குள்ளே ஒரு குடும்பம் வாழ்ந்த தடத்தை இல்லாமல் ஆக்குவதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது என்று அண்ணாச்சியே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

டேஷ்போர்டில் ஒட்டிய முருகனும் மாதாவும், கதவில் ஒட்டிய கட்சிக்கொடியும், பின் கண்ணாடியில் பிள்ளைகள் ஒட்டிய பட்டாம்பூச்சிகளும் எல்லாம் அவள் கைக்கு ஒன்றுதான். ஸ்டிக்கரின் மேல் ஹேர் டிரையரால் கை பொறுக்கிற சூட்டுக்குக் காற்றடிப்பாள். மூலை லேசாகத் தூக்கியதும் பழைய ஏடிஎம் கார்டை அடியில் நுழைத்து, தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து விளையாட்டுச் சாமானை எடுப்பதுபோல அவசரமில்லாமல் உரிப்பாள். அடியில் தங்கிப்போன பசையின் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவி, ஒரு டீ குடிக்கிற நேரம் ஊறவிட்டு, பெருவிரலால் உருட்டி உருட்டி எடுப்பாள். கடைசியில் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பனியன் துணியால் ஒரு துடை. தின்னரையும் மண்ணெண்ணெயையும் அவள் தொடமாட்டாள். அவை பசையோடு பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். தம்பி மாரிக்கனி பருப்பு மில்லில் எடை போடுகிறவன். அவன் மனைவி சண்முகலட்சுமி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். அவர்களுக்கு ஒரே பையன், சரண். எட்டு வயதில், ஆறு வருஷத்துக்கு முன்னால், காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஒரு பாத்திரம்கூட ஓங்கி வைக்கப்படவில்லை. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் பேச்சு மட்டும், அடியில் ஓட்டை விழுந்த குடத்துத் தண்ணீர் மாதிரி, சத்தமில்லாமல் வடிந்து நின்றுபோனது. அன்றிலிருந்து அவர்கள் பேசவேண்டியதையெல்லாம் வெயிலுகந்தாள்தான் சுமந்தாள். கை எட்டுகிற தூரத்தில் அவன் உட்கார்ந்திருக்கும்போதே, "அரிசி நாளைக்கு வரைக்கும்தான் இருக்கு மதினி" என்பாள் லட்சுமி; "வாங்கிட்டு வாரேன்னு சொல்லுக்கா" என்பான் அவன்; வெயிலுகந்தாள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக் கேட்டதை அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லுவாள். ஆறு வருஷத்தில் அரிசி, கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை, பல்வலி எல்லாம் அவள் வாய் வழியாகவே போய்வந்தன.

அந்த வருஷம் கத்திரி வெயிலின் நான்காம் நாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போன பொன்னுப்பாண்டியின் வெள்ளை வேன் கொட்டகைக்கு வந்தது. பதினான்கு வருஷம் ஓட்டியவருக்குக் கண் மங்கி, எதிரே வருவது லாரியா மாடா என்று தெரியாமல் போனதால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனி ஓட்டுவது பாவம் என்று அவரே சாவியைக் கொண்டுவந்து அண்ணாச்சி கையில் வைத்தார். சரண் முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை அந்த வேனில்தான் போனான். அது அண்ணாச்சிக்கும் தெரியும் என்பதால், இதை வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன், நீ அந்தச் சிவப்புக் காரைப் பார் என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஆள் என்றால் கத்தியால் சுரண்டுவான் என்று சொல்லிவிட்டு டிரையரை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினாள்.

உள்ளே நாற்பத்து மூன்று ஸ்டிக்கர்கள் இருந்தன. பதினான்கு வருஷத்துப் பிள்ளைகள் தங்கள் தங்கள் இடத்தில் ஒட்டிவிட்டுப் போன கரடிகள், பூக்கள், ரயில்கள், தலைகீழாக ஒட்டிய வாத்துகள். கடைசி இருக்கையின் பக்கத்தில் இருந்த கரடியில் அவள் தொடங்கினாள். சூடு காட்டி, மூலையைத் தூக்கி, கார்டை நுழைத்து, முழுசாக உரித்து எடுத்ததும், கரடி இருந்த அந்த உள்ளங்கை அகல இடத்திலிருந்து மழை பெய்தது. ஒழுகல் இல்லை, கசிவு இல்லை. காற்றோடு சாய்ந்து, புழுதி நனைந்த வாசனையோடு, சடசடவென்று பெய்கிற ஐப்பசி மழை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஈரத்தில் எண்ணெய் பிடிக்காதே என்று நினைத்து, ஒரு வாளியைக் கொண்டுவந்து கீழே வைத்தாள்.

வாளி நிரம்பியபோது அண்ணாச்சி வந்து பார்த்தார். மேல்தகட்டில் ஓட்டை என்று நினைத்து டிங்கர் வேலைக்காரரைக் கூரைமேல் ஏற்றினார். தகடு கை வைக்க முடியாமல் காய்ந்து கிடந்தது. சரி, வாளி பத்தாது, டிரம்மை வை என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு, குழாயை மூடினாற்போல் மழை நின்றது. அதுவரை எண்ணெய்க்கும் சோப்புக்கும் அசையாமல் இருந்த பசை காய்ந்து மாவாகி, ஒரே துடைப்பில் போய்விட்டது.

வேலையில்லாமல் கொட்டகை வாசலில் வந்து உட்கார்ந்திருந்த பொன்னுப்பாண்டி, மழை நிற்பதற்கு முன்னால் தடவித் தடவி ஏறி, அந்த இடத்தில் கையை நீட்டி வைத்திருந்துவிட்டு, இது கவுசிகா ஆற்றில் தண்ணீர் பாலத்துக்கு மேல் போன நாள், அன்றைக்குப் பிள்ளைகளை ஒவ்வொருவராக இடுப்பில் தூக்கி இறக்கினேன் என்றார். ஸ்டிக்கர் ஒட்டிய அன்றைய பகல் வெளியே போக வழியில்லாமல் அடியிலேயே இருந்திருக்கிறது, இப்போது வழி கிடைத்ததும் தன் பொழுது முடிகிறவரை இருந்துவிட்டுப் போகிறது என்பது அவர் எண்ணம். அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை. நின்று கேட்கிற அளவுக்கு வெயில் விடவில்லை.

மறுநாள் ஒரு ரயிலை உரித்தபோது மார்கழிப் பனி புகைபோல வந்து இருக்கைகளில் படிந்தது. எதிரே டீக்கடை வைத்திருந்த பிச்சம்மாள் முந்தானையை நீட்டி அந்தப் பனியில் கொஞ்சம் வாங்கிக் கழுத்தில் ஒற்றிக்கொண்டு போனாள். அவள் போய்ச் சொன்னதில் சாலையில் போக்குவரத்தைப் பார்க்கிற கான்ஸ்டபிள் வந்தார், கரண்டுக் கம்பத்தில் ஏறி இறங்கிய இரண்டு லைன்மேன்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்கள், எட்டு மாதம் நிறைந்த கர்ப்பிணி ஒருத்தி வீங்கிய காலை அந்தப் பனியில் நீட்டி வைத்துக்கொண்டு மாமியாரோடு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். பொன்னுப்பாண்டி தினமும் வந்து கையை வைத்து இது எந்த நாள் என்று சொன்னார். மழை பெய்த இன்னொரு நாளில், தாலுகா ஆபீசில் மழையளவு எழுதுகிற கிளார்க் அளவுக்குழாயோடு வந்து அளந்து, எந்த வருஷத்துக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் நோட்டை மூடிக்கொண்டு, அப்படியே கொஞ்ச நேரம் நனைந்துவிட்டுப் போனார்.

எல்லாப் பகலும் குளிர்ச்சியாக இருக்கவில்லை. ஒன்றிலிருந்து தீபாவளிக்கு முந்தின நாளின் வெடிப்புகை வந்தது. ஒன்றிலிருந்து ஆடிக்காற்று வந்து அண்ணாச்சியின் ரசீதுகளைச் சாத்தூர் வரைக்கும் பறக்கவிட்டது. அந்த வேனில் ஒரு காலத்தில் போன பிள்ளைகள், இப்போது காலேஜிலும் ஜவுளிக்கடையிலும் இருக்கிறவர்கள், கேள்விப்பட்டு வரத் தொடங்கினார்கள். நர்ஸ் வேலைக்குப் படிக்கிற ஒரு பெண் வந்து, மஞ்சள் பூ என்னுடையது என்று கூச்சத்தோடு சொன்னாள். உரித்துக் கொடுத்தபோது அதில் மேகம் மூடின ஒரு மந்தமான பகலைத் தவிர வேறொன்றும் இல்லை. அவள் அதற்குள் கன்னத்தை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை இருந்துவிட்டு, ரொம்ப நன்றி அக்கா என்று சொல்லிப் போனாள். ஒட்டினவர்கள் வந்து கேட்டால் அந்த நாள் அவர்களுக்கு, யாரும் கேட்காத நாள் எல்லோருக்கும், ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான், அதையும் காலையில்தான் உரிப்பது என்று பெண்கள் கூடி ஒரு முறை வகுத்தார்கள். வேனை முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்திருந்த பன் பேக்கரி சாலமோன், முதல் நாலு நாள் எப்போது கிடைக்கும் என்று கேட்க வந்தவர், ஐந்தாம் நாளிலிருந்து ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு வந்து மழைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்காரத் தொடங்கினார். பள்ளிக்கூடம் திறக்கிற நாளுக்கு வண்டி கையில் இருந்தால் போதும் என்றார்.

இத்தனைக்கும் நடுவில் வெயிலுகந்தாள் ஒவ்வொரு ஸ்டிக்கரின் மூலையையும் தயங்கித் தயங்கித்தான் தூக்கினாள். இவற்றில் சரணுடையது எது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் அதை உரித்து, ஊர்ச்சனம் காலை நீட்டி உட்கார்ந்து கடலை தின்று தீர்த்துவிடுமோ என்ற பயம் அவளுக்குச் சோற்றில்கூட ருசி இல்லாமல் செய்தது. ஒன்பதாம் நாள், யாரும் வருவதற்கு முன்னால், அவள் பொன்னுப்பாண்டியிடம் கேட்டாள். அவர் எழுந்து உள்ளே போய், மூன்றாம் வரிசையில் இடது ஜன்னலுக்குக் கீழே விரலை ஓட்டி, ஒரு பச்சை முதலையின்மேல் நிறுத்தினார்.

"சூயிங்கம் பாக்கெட்டுல வந்தது. அன்னிக்கு நாலு பேருக்கு முதலை கிடைச்சது. மத்த மூணு பேரும் கையில ஒட்டிக்கிட்டாங்க. அவன் மட்டும் இங்க ஒட்டினான்."

அவள் ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் மூடி நாலு பக்கமும் டேப் போட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே தெரிந்துகொண்டு, மூன்றாம் வரிசை இடது பக்கத்தில் யாரும் சாயாமல் உட்கார்ந்தார்கள்.

ஆறு வருஷமாக எல்லாவற்றையும் சுமந்தவளுக்கு இதை மட்டும் வீட்டுக்குச் சுமந்துபோக வழி தெரியவில்லை. தம்பியிடம் முதலில் சொன்னால் லட்சுமிக்குத் துரோகம், லட்சுமியிடம் முதலில் சொன்னால் தம்பிக்கு. ஊரில் அடிபடுகிற பேச்சு அவர்கள் காதிலும் விழுந்துதான் இருந்தது. ஆனால் இருவரும் அந்த வேனைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கையில், நாற்பத்து மூன்றில் ஐந்துதான் மிச்சம் என்று ஆனபோது, ஒரு சாயங்காலம், தம்பி செய்தித்தாளோடும் லட்சுமி தையல் மிஷினோடும் இருக்கையில், இருவரையும் பார்க்காமல் நடுவில் இருந்த சுவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். தையல் மிஷின் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

மறுநாள் காலையில் லட்சுமி அடுப்படியில் அவளிடம் சொன்னாள். "அதை உரிக்க வேண்டாம்னு சொல்லிருங்க மதினி. உள்ள இருக்கறவரைக்கும் இருக்கும். உரிச்சா அன்னிக்குச் சாயங்காலத்தோட போயிரும்."

அதைக் கேட்ட மாரிக்கனி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "உரிக்கணும்னு சொல்லுக்கா. ஒரு நாள்னாலும் நாள்தான."

அதற்குப் பிறகு நான்கு நாள் அவள், முதலைக்கு ஒரு முடிவு தெரிகிறவரை மிச்ச ஸ்டிக்கர்களையும் தொடாமல், அந்த இரண்டு பேச்சையும் மாற்றி மாற்றிச் சுமந்தாள். அந்தக் கதவுப் பலகையையே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாமே என்றாள் லட்சுமி. கொண்டுவந்து சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு அது என்ன படமா என்றான் அவன். அவருக்கு மில்லும் மூட்டையும் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள் என்றாள் இவள். மூட்டை தூக்குகிறவனுக்குப் பாரம் தெரியாது என்று நினைக்கிறாளா என்று கேள் என்றான் அவன். அரிசியையும் கரண்டு பில்லையும் சுமந்து பழகிய வாய்க்கு இவை கனத்தன. ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. நான்காம் நாள் சாயங்காலம், தம்பி அடுத்த பதிலைச் சொல்ல வாயெடுத்தபோது, அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இனிமே என் வாய் வழியா ஒரு வார்த்தையும் போகாது. உப்பு இல்லைன்னாலும் சரி, வீடு இடிஞ்சாலும் சரி. உங்க புள்ளை. நீங்களே பேசிக்கிடுங்க."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. சமைத்து வைத்தது தெரியாமல் அவன் கடையில் தின்றுவிட்டு வந்தான். அவன் தின்றுவிட்டது தெரியாமல் லட்சுமி சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தாள். கேஸ் தீர்ந்தது அவனுக்குத் தெரியவில்லை. இருவரும் கதவருகே ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பதும், பிறகு வெயிலுகந்தாளைப் பார்ப்பதும், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, அவள் கொட்டகையில் வாளியில் சோப்பைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, லட்சுமி தனியாக நடந்து வந்தாள். வேனுக்குள் ஏறி, மூன்றாம் வரிசையில், வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் மாரிக்கனி சைக்கிளில் வந்தான். மில்லுக்குப் போகிற சட்டையில்தான் இருந்தான். வேனுக்குள் அவள் இருப்பதைப் பார்த்து, ஏறாமல், பக்கத்தில் நின்றான். பிச்சம்மாள் டீக்கடையில் பெஞ்சுகளைத் துடைக்கத் தொடங்கினாள், லைன்மேன்கள் தூக்கை எடுத்துக்கொண்டு வேறு நிழல் பார்க்கப் போனார்கள், அண்ணாச்சி போனில் யாரோடோ பேசுகிற மாதிரி சாலைப் பக்கம் நடந்தார். பார்க்காததுபோல இருக்கத் தெரிந்த ஊர் அது.

காலை வெயிலே சுள்ளென்று அவன் உச்சியில் அடித்தது. வேனுக்குள் இருந்தவள் அவனைப் பார்த்தாள். பிறகு வெயிலுகந்தாளைப் பார்த்தாள். வெயிலுகந்தாள் வாளிக்குள் குனிந்துகொண்டாள்.

"வெயில்ல நிக்காதீங்க," என்றாள் லட்சுமி. "உள்ள வாங்க."

ஆறு வருஷம் பயன்படாத குரலாக இருந்தாலும் அது அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் ஏறி, அவளுக்குப் பக்கத்தில், இடையில் ஒரு பிள்ளை உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தான். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே, உனக்கு வேண்டாமென்றால் வேண்டாம், சாலமோனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றான். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"பன் கூடை ஏத்தி இறக்கறப்போ யாரு கையாவது பட்டு உரிஞ்சிருச்சுன்னா, அன்னிக்கு நாம இங்க இருக்க மாட்டோம்."

அவள் சொன்ன அந்த 'நாம' என்ற சொல் வெளியே நின்ற வெயிலுகந்தாளுக்குக் கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு டிரையரோடு ஏறினாள். டேப்பை எடுத்தாள், தாளை எடுத்தாள், பச்சை முதலைக்குச் சூடு காட்டினாள். நாலு விரல் அகலம்கூட இல்லாத முதலை அது; வால் நுனி ஏற்கெனவே லேசாகத் தூக்கியிருந்தது. பதினோரு வருஷத்தில் அவள் இவ்வளவு மெதுவாக எதையும் உரித்ததில்லை. முதலை கிழியாமல் முழுசாக வந்ததும், அதை லட்சுமியின் மடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டாள்.

முதலில் வந்தது வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. மூச்சு. ஈரமும் சூடுமாக, சூயிங்கத்தின் இனிப்பு வாசனையோடு, அந்த இடத்தில் வைத்த லட்சுமியின் உள்ளங்கையில் ஒரு மூச்சு பட்டது. அவள் அசையவில்லை. இரண்டாவது மூச்சு பட்டது. அவள், இன்னொன்று வருமா என்று தெரியாமலே, தன் கையை எடுத்துவிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தாள். மூன்றாவது மூச்சு அவனுக்குக் கிடைத்தது.

"ஊதி ஊதி ஒட்டியிருக்கான்," என்றான் மாரிக்கனி.

அதன் பிறகு மூச்சு வரவில்லை. வெளியே இருப்பது போலவே ஒரு வெயில் காலம் அந்த இடத்திலிருந்து வரத் தொடங்கியது. மழையோ பனியோ இல்லாத, யாரும் கால் நீட்டி உட்கார ஆசைப்படாத, வறண்ட, வெறும் பகல். அதில் பெட்ரோல் வாசனை இருந்தது, சாக்பீஸ் வாசனை இருந்தது, திறந்து மூடின டிபன் பாக்ஸிலிருந்து புளிச்சோற்று வாசனை வந்தது. ஒரு கைக்குத்தான் அங்கே இடம் இருந்தது என்பதால் அவள் கை கீழேயும் அவன் கை அதன்மேலுமாக வைத்துக்கொண்டார்கள். கை மரத்தால் மாற்றிக்கொண்டார்கள். புளிச்சோறு என்றால் அது வியாழக்கிழமை என்றாள் அவள். வியாழக்கிழமை இல்லை, கரண்டு இல்லாமல் தேங்காய் அரைக்க முடியாத நாளில்தான் நீ புளிச்சோறு கட்டுவாய் என்றான் அவன். கரண்டு இல்லாவிட்டால் அம்மியில் அரைப்பேன், உங்களுக்கு என்ன தெரியும் என்றாள் அவள். அந்த நாள் எந்த நாள் என்பதில் அவர்களுக்கு ஒத்துப்போகவே இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் என்று அவளும் பின்னால் என்று அவனும், ஒவ்வொரு நாளாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கையில் சரண் பல் விழுந்த நாள், சரண் நாய்க்குப் பயந்து கூரையில் ஏறின நாள், சரண் அத்தையின் எண்ணெயைத் தலைமுழுக்க ஊற்றிக்கொண்ட நாள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. பிச்சம்மாள் இரண்டு முறை டீ கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு மேல், வெளியே சிவப்புக் காரின் டேஷ்போர்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த வெயிலுகந்தாளுக்கு, வேனுக்குள் பேச்சு தாழ்ந்து போனது தெரிந்தது. அவள் கை நின்றது.

"மில்லுல இருந்து வந்து நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு இருந்துட்டேன்," என்றாள் லட்சுமி.

"பகல்லயே நீ கூட்டிட்டுப் போயிருப்பேன்னு நெனச்சேன்," என்றான் அவன்.

காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளைப் பற்றிய அந்த இரண்டு வார்த்தைகளும் வெயிலுகந்தாளுக்குப் புதியவை இல்லை. பையனைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த வாரத்திலேயே, லட்சுமி ஒன்றைக் கிணற்றடியிலும் அவன் இன்னொன்றை மில் வாசலிலும் அவளிடம் சொல்லி அழுதிருந்தார்கள். ஊரில் உள்ள எல்லாச் செய்தியையும் சுமந்தவள், அந்த இரண்டை மட்டும், கொண்டுபோனால் வீடு இரண்டாகிவிடும் என்று பயந்து, ஆறு வருஷமாகத் தன்னிடமே வைத்திருந்தாள். இப்போது அவை அவளைத் தாண்டி ஒன்றுக்கொன்று எதிரே போய் நின்றன. வீடு இரண்டாகவில்லை. உள்ளே லட்சுமி அழுகிற சத்தம் கேட்டது, அதன்மேல் அவன் அழுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் அவன் மூக்கைச் சிந்திக்கொண்டு, கை மரத்துப்போச்சு, நீ வை என்பதும் கேட்டது. அவள் எண்ணெய்க் கையோடு அந்தச் சிவப்புக் காரின் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய, அந்த இடத்திலிருந்து வந்துகொண்டிருந்த வெயில் மஞ்சளாகி, இளைத்து, ஆறேகால் மணிக்கு நின்றது. லட்சுமி கையை எடுக்காமல் மேலும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு, துணி கொடுங்க மதினி என்று கேட்டாள். இப்படியே இருக்கட்டுமே, சாலமோன் ஒன்றும் சொல்லமாட்டார் என்றாள் வெயிலுகந்தாள். மாரிக்கனி அதற்குள் தன் பெருவிரலால் அந்தப் பசையைத் தொட்டுப் பார்த்தான். அது மாவாக உதிர்ந்தது. லட்சுமி துணியை வாங்கி, பையன் வாயைத் துடைக்கிற மாதிரி, ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைத்தாள். சுற்றிலும் பழுத்துப்போயிருந்த பிளாஸ்டிக்கில் ஒரு முதலை அகலத்துக்கு மட்டும் வெள்ளையாக, கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல ஒரு இடம் தெரிந்தது. அதைச் சுற்றியுள்ள நிறத்துக்குக் கொண்டுவர எந்த எண்ணெயாலும் முடியாது என்று வெயிலுகந்தாளுக்குத் தெரியும். அவள் அதற்கு முயற்சி செய்யவும் இல்லை.

மிச்சமிருந்த நான்கையும் அடுத்தடுத்த நாட்களில் ஊர் பகிர்ந்துகொண்டது. நாற்பத்து மூன்று வெள்ளை இடங்களோடு வேன் சாலமோனிடம் போனது. பள்ளிக்கூடம் திறந்த அன்று அதில் பன் வாங்கின பிள்ளைகள் உள்ளே எட்டிப் பார்த்து, இது என்ன, இது என்ன என்று கேட்டதாகவும், அவர் ஒவ்வொன்றுக்கும் பொன்னுப்பாண்டியிடம் கேட்டு வைத்திருந்த நாளைச் சொன்னதாகவும் பிறகு பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அது பிறகு. அந்தச் சாயங்காலம் மூன்று பேரும் கொட்டகையிலிருந்து ஒன்றாகக் கிளம்பினார்கள். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான், லட்சுமி அதற்கு அந்தப் பக்கம் நடந்தாள், வெயிலுகந்தாள் பழக்கத்தில் இருவருக்கும் நடுவே வரப்போய், சைக்கிள் இருந்ததால் பின்தங்கினாள். கேஸ் தீர்ந்துபோச்சு என்று லட்சுமி சொன்னாள். எப்போது என்று அவன் கேட்டான். முந்தாநாள் என்றாள். அப்புறம் எதில் சமைத்தாய் என்றான். விறகில் என்றாள். விறகு யார் வெட்டியது என்றான். நான்தான் என்றாள். அதற்கு அவன் ஏதோ சொன்னான், அவள் அதற்கு ஏதோ சொன்னாள்; என்ன என்று வெயிலுகந்தாளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்பதற்காக நடையை எட்டிப்போட்டவள், ரெண்டு அடியில் நின்றாள். பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது. அதன் சிமெண்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சாத்தூர் பஸ் ஒன்று வந்து, அவளுக்காகக் கொஞ்சம் நின்று, கண்டக்டர் பார்க்க, அவள் கையசைக்க, போனது. மதுரை பஸ் ஒன்று வந்தது. அதையும் போகச் சொன்னாள். சாலையின் கோடியில் அவர்கள் இருவரும் திரும்பி, அவள் எங்கே என்று பார்த்துவிட்டு, அவள் வருவாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு மறுபடி நடக்கிறவரை, அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.